இன்ஜின் கடைசியா வரட்டும்: சிங்கப்பூர்ல புள்ளைங்கள டர்ட் பைக்குக்குப் பழக்குறது எப்படி

சிங்கப்பூர்ல மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க 18 வயசு ஆகியிருக்கணும், அதுவும் ஆரம்பத்துல 2பி, அதாவது சின்ன இன்ஜின் பைக்குக்கான லைசென்ஸ், மட்டும்தான். சரி ரோடு வேணாம், நடைபாதையில சின்னதா ஒரு எலெக்ட்ரிக் பைக் விட்டா என்னன்னு கேட்டா அதுக்கும் வழி இல்ல. 2019 நவம்பர்லயே இ-ஸ்கூட்டர நடைபாதையில தடை பண்ணிட்டாங்க, 2020 ஏப்ரல்ல மோட்டார் வச்ச எல்லா பிஎம்டிக்கும் (இ-ஸ்கூட்டர் மாதிரி ஒருத்தர் ஏறிப் போற சின்ன வண்டி) அதே தடை வந்துடுச்சு, மீறினா 2,000 வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில். பார்க் கனெக்டர், நேச்சர் ரிசர்வ், புளோக்குக்குக் கீழ இருக்குற வாய்ட் டெக், எதுலயுமே பெட்ரோல் இன்ஜின் வச்ச குட்டி பைக்க கெளப்ப முடியாது. அதனால ஆறு ஏழு வயசுப் புள்ள யூடியூப்ல மோட்டோகிராஸ், அதாவது மண் டிராக்குல நடக்குற பைக் ரேஸ், பாத்துட்டு "அப்பா எனக்கும் இது ஓட்டணும்"னு வந்து நிக்கிறப்ப, நம்ம வாயில முதல்ல வர்ற பதில் "இங்கல்லாம் முடியாதுய்யா"ங்கிறதுதான்.

அந்தப் பதில் பாதிதான் சரின்னு நான் நினைக்கிறேன். டர்ட் பைக், அதாவது மண்ணுல ஓட்டுற பைக், ஓட்டத் தேவைப்படுற திறமையில பெரும்பகுதிக்கு இன்ஜினே தேவையில்ல. பாலன்ஸ், கண்ண எங்க வைக்கிறது, பிரேக்க எப்படிப் புடிக்கிறது, வழுக்குற தரையில உடம்ப எப்படி லூசா வச்சுக்கிறது, விழுந்தா எப்படி எந்திரிக்கிறது, இது எல்லாத்தையும் இந்தத் தீவுக்குள்ளயே, சட்டத்துக்கு உட்பட்டு, ரொம்பக் காசு செலவழிக்காம கத்துக் குடுக்கலாம். மிச்சம் இருக்குற அந்தக் கொஞ்சம், அதாவது வலது கையால முறுக்குற த்ராட்டில், அதுக்கு மட்டும் காஸ்வே தாண்டி மலேசியாவுக்குப் போகணும். நிறைய பேரு இத தலைகீழா பண்றாங்க, சைக்கிளே சரியா ஓட்டத் தெரியாத புள்ளைய ஒரு சனிக்கிழம ஜேபிக்கு (ஜொகூர் பாருவுக்கு) கூட்டிட்டுப் போயி நேரா 50 சிசி வண்டியில ஏத்திவிட்டு வீடியோ எடுக்குறாங்க, பாக்கவே பயமா இருக்கு.

நம்ம குடும்பங்கள்ல பைக்குன்னாலே ஒரு பதற்றம் இருக்கு, அதுல தப்பும் இல்ல. இங்க ரோட்டு விபத்துல இறந்து போறவங்கள்ல பாதிக்கு மேல பைக் ஓட்டுறவங்களும் பின்னாடி உக்காந்து போறவங்களும்தான். அதிகாலையில உட்லண்ட்ஸ் பக்கம் மழையில நனைஞ்சுக்கிட்டு வரிசையில நிக்கிற ஆயிரக்கணக்கான பைக்குகள பாத்தவங்களுக்கு அந்தப் பயம் எங்கேர்ந்து வருதுன்னு சொல்லத் தேவையில்ல. "பைக் மட்டும் வேணாம்ய்யா"ன்னு பாட்டி சொல்றதுக்குப் பின்னாடி ஒரு சொந்தக்காரப் பையனோட கதை கண்டிப்பா இருக்கும். ஆனா அந்தப் பயம் லாரி, பிஐஇ விரைவுச்சாலை, மழை, அவசரம் இதையெல்லாம் பத்தின பயம். மண்ணுல, மூடின டிராக்குல, மணிக்கு பத்து பதினஞ்சு கிலோமீட்டர்ல போற ஒரு குட்டி வண்டியோட ஆபத்து வேற மாதிரி. ஆபத்தே இல்லன்னு சொல்ல வரல, அதப் பத்திக் கீழ விவரமாவே எழுதுறேன், ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்க வேணாம்னு மட்டும் சொல்றேன்.

மண்ணு என்ன கத்துக் குடுக்குது? தார் ரோட்டுல டயர் புடிமானம் விடுறது எப்பவாவது ஒரு தடவ நடக்குற விஷயம், நடந்தா பெரும்பாலும் ஆஸ்பத்திரி. மண்ணுல டயர் எப்பவுமே கொஞ்சம் வழுக்கிக்கிட்டேதான் இருக்கும், ஓட்டுறவன் அதுக்குள்ளயே வாழக் கத்துக்குறான், பின் சக்கரம் கொஞ்சம் விலகினா பதறாம இருக்கக் கத்துக்குறான். தார் டிராக்குல நடக்குற மோட்டோஜிபி பைக் ரேஸ்ல ரெண்டு தடவ, 2022லயும் 2023லயும், உலக சாம்பியன் ஆன பன்யாயா இத்தாலியில தவுல்லியா ஊர்ல வாலன்டினோ ரோஸியோட ராஞ்சுல மண் டிராக்குல பழகுன ஆளு, தார்ல 300க்கு மேல போறவங்களே வழுக்குறதப் பழக மண்ணுக்குத்தான் போறாங்க. நம்ம பக்கத்துலயும் உதாரணம் இருக்கு. பெங்களூர்க்காரர் சி.எஸ்.சந்தோஷ் 2015ல டக்கார் ராலிய, அதாவது பல நாள் நடக்குற அந்த நெடுந்தூர ரேஸ, முடிச்ச முதல் இந்தியர். கேரளாவச் சேர்ந்த ஹரித் நோவா 2024 டக்கார்ல ராலி 2 பிரிவையே ஜெயிச்சாரு, மொத்தத்துல பதினோராவது இடம், ஓட்டினது ஷெர்கோ டிவிஎஸ் டீமுக்காக, அந்த டிவிஎஸ் நம்ம ஓசூர்ல பைக் செய்யுற கம்பெனிதான். இங்க ஒரு தமிழ்ப் பையன் டிவியில ஃபுட்பால் பாக்குறப்ப பத்துப் பேரத் தெரியும், டக்கார்ல நம்ம பக்கத்து ஆளு இருக்குறது தெரியாது, அது எனக்கு எப்பவுமே வருத்தம்.

இப்ப கசப்பான பக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ரொம்ப வருஷமாவே தெளிவா சொல்லிக்கிட்டு இருக்கு, கார் லைசென்ஸ் எடுக்குற வயசு வராத புள்ளைங்க ஆஃப் ரோடு மோட்டார் வண்டி எதையும் ஓட்டக் கூடாதுன்னு, நாலு சக்கரம் மட்டும் இல்ல, ரெண்டு சக்கரத்தையும் சேத்துத்தான். காரணம் ஒண்ணும் பெரிய மர்மம் இல்ல. புள்ளைங்களோட எலும்பு முனையில வளர்ச்சித் தட்டுன்னு ஒரு மென்மையான பகுதி இருக்கு, எலும்பு அங்கேர்ந்துதான் நீளமா வளருது, மணிக்கட்டுலயோ கணுக்கால்லயோ அடி சரியா அந்த இடத்துல பட்டா அந்தக் கை, கால் வளர்றதே பாதிக்கப்படலாம். தலை உடம்போட கணக்குல பெருசு, கழுத்துத் தசைக்கு இன்னும் பலம் வரல. இதுக்கும் மேல முடிவெடுக்குற மூளை, ஆபத்த எடை போடுற மூளை, பத்து வயசுல இன்னும் முழுசா தயாராகல. இன்னொரு பக்கம் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன்னு அதே அமெரிக்காவுல இருக்குற அமைப்பு ஆறு வயசுலேர்ந்து டர்ட் பைக் வகுப்புல சேத்துக்குது. ரெண்டு பக்கத்தையும் படிச்சுட்டு அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எடுக்க வேண்டிய முடிவு இது. ஒருத்தர் அரை மனசா இருந்தா நிறுத்திடுங்க, அம்மாவுக்குத் தெரியாம அப்பா கூட்டிட்டுப் போற வேலையே வேணாம்.

சரி, போகலாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு வச்சுக்குவோம், எங்க ஆரம்பிக்கிறது? பெடல் இல்லாத சைக்கிள்ல. 1817ல ஜெர்மனியில கார்ல் டிரைஸ் முதன்முதல்ல செஞ்ச ரெண்டு சக்கர வண்டிக்கே பெடல் கிடையாது, கால தரையில ஊணி ஊணித்தான் தள்ளிட்டுப் போனாங்க, இப்ப ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல ரெண்டு வயசு வாண்டுங்க பறக்குற பாலன்ஸ் பைக் அதே ஐடியாதான். ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் மாட்டின சைக்கிள்ல பழகுற புள்ளைக்கு பெடல் வரும், பாலன்ஸ் வராது, ஏன்னா வளைவுல வண்டிய சாய்க்கவே அந்தச் சக்கரம் விடாது. பாலன்ஸ் பைக்ல பழகினது சாஞ்சு திரும்பும், பின்னாடி டர்ட் பைக்ல வேணுங்கிறது அந்த சாய்வுதான். குட்டிச் சக்கரம் மாட்டின சைக்கிள் ஏற்கனவே வீட்டுல இருந்தா தூக்கிப் போடத் தேவையில்ல, சக்கரத்தையும் பெடலையும் கழட்டி சீட்ட இறக்கிட்டா அதுவே பாலன்ஸ் பைக்.

அடுத்தது பெடல் சைக்கிள், அதுவும் மேடு பள்ளத்துல. சிங்கப்பூர்ல இடம் இல்லன்னு சொல்றவங்க இதையெல்லாம் போயி பாத்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல சைக்கிளிஸ்ட் பார்க்னே ஒண்ணு இருக்கு, புதுசா பழகுறவங்களுக்குத் தனி சர்க்யூட் உண்டு. செஸ்ட்நட் நேச்சர் பார்க்ல சுமார் 8 கிலோமீட்டர் மவுண்டன் பைக் டிரெயில், நிஜமான மண்ணு, வேரு, கல்லு. புலாவ் ஊபின்ல கேத்தாம் மவுண்டன் பைக் பார்க் 2008லேர்ந்து இருக்கு, கஷ்டத்துக்குத் தகுந்த மாதிரி போர்டு வச்சிருக்காங்க, சாங்கி பாயின்ட்லேர்ந்து பம்போட்ல சைக்கிளையும் ஏத்திட்டுப் போயிடலாம், போட் ஏறுறதே புள்ளைங்களுக்குப் பாதி சந்தோஷம். புக்கிட் தீமா டிரெயில் சுமார் 6 கிலோமீட்டர், அது கொஞ்சம் பெரிய பசங்களுக்கு. 2010 யூத் ஒலிம்பிக்ஸ்ல பிஎம்எக்ஸ் சைக்கிள் ரேஸ் நடந்த தெம்பனிஸ் பைக் பார்க் இன்னும் இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும், வீடமைப்புக்காக அத மூடிட்டாங்க, இந்த ஊர்ல நிலம் அப்படித்தான்.

சைக்கிள்ல என்னென்ன பழக்கணும்னு கேட்டா நான் முதல்ல சொல்றது பிரேக். ரெண்டு பிரேக்கையும் ஒண்ணா, படிப்படியா அழுத்தி, ஒரு கோட்டுல போயி நிக்கணும். ஒரு விரல் ரெண்டு விரல் மட்டும் லீவர் மேல, மிச்ச விரல் ஹேண்டில்பார சுத்தி. புள்ளைங்க பயந்தா எல்லா விரலையும் சேத்து அமுக்கும், முன் சக்கரம் லாக் ஆகி மூக்கு தரையில படும், அது சைக்கிள்ல பத்து கிலோமீட்டர் வேகத்துல நடந்தா ஒரு பிளாஸ்டரோட போயிடும். அடுத்தது பார்வை. எங்க பாக்குதோ அங்கதான் வண்டி போகும், குழியப் பாத்தா குழிக்குள்ளதான் போகும், அதனால வளைவோட முடிவப் பாக்கச் சொல்லிக்கிட்டே இருக்கணும். மூணாவது, பெடல் மேல எந்திரிச்சு நின்னு, முழங்கால், முழங்கை ரெண்டையும் லேசா மடக்கி, மேட்டுல போறது. டர்ட் பைக்ல பாதி நேரம் நின்னுக்கிட்டுத்தான் ஓட்டணும், உக்காந்தே ஓட்டினா ஒவ்வொரு குழியும் நேரா முதுகெலும்புக்குத்தான். இந்த மூணும் கேக்காமலே தானா வர்ற அளவுக்கு ஆகுறவரைக்கும் இன்ஜின் பத்தி யோசிக்கவே வேணாம், சில புள்ளைங்களுக்கு ஆறு வயசுல வந்துடும், சிலதுக்கு பத்து ஆகும், பக்கத்து வீட்டுப் புள்ளையோட ஒப்பிடுற வழக்கத்த ஸ்கூல் மார்க்கோட விட்டுடுங்க.

இப்ப இன்ஜின். சைக்கிள்லேர்ந்து மோட்டாருக்கு மாறுறப்ப புதுசா வர்ற பெரிய ஆபத்து வலது கையில இருக்கு. சைக்கிள்ல பயந்தா மிதிக்கிறத நிறுத்திடுவோம், வண்டி தானா மெதுவாயிடும். பைக்ல பயந்தா உடம்பு பின்னாடி சாயும், கை ஹேண்டில்பார இறுக்கமா புடிக்கும், அந்த இழுப்புலயே த்ராட்டில் இன்னும் முறுக்கிக்கும், வண்டி இன்னும் சீறும், உடம்பு இன்னும் பின்னாடி போகும். பெரியவங்களுக்கே இது நடக்கும். புள்ளைங்க வேலிக்குள்ள போயி மோதுற வீடியோ எதப் பாத்தாலும் பெரும்பாலும் இந்தச் சங்கிலிதான். அதனாலதான் நல்ல குட்டி பைக்குகள்ல த்ராட்டில் எவ்வளவு தெறக்கலாம்னு கட்டுப்படுத்துற ஒரு ஸ்க்ரூ இருக்கும், அத உள்ள திருகிட்டா புள்ள எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நடக்குற வேகத்துக்கு மேல போகாது. இதோட மணிக்கட்டுல மாட்டுற கில் சுவிட்ச் கயிறும் வேணும், விழுந்தா கயிறு புடுங்கி இன்ஜின் ஆஃப் ஆயிடும். வாடகைக்கு வண்டி தர்ற இடத்துல இந்த ரெண்டும் இருக்கான்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் காசக் குடுங்க.

வண்டின்னு பாத்தா யமஹா பிடபிள்யூ50 ரொம்பக் காலமா இருக்குற பேரு, எண்பதுகளோட ஆரம்பத்துலேர்ந்து கிட்டத்தட்ட அதே வடிவத்துல விக்கிறாங்க. 49 சிசி டூ ஸ்ட்ரோக், கியர் கிடையாது, செயினுக்குப் பதிலா ஷாஃப்ட்டு, அதனால குட்டி விரல் போயி மாட்டிக்க இடமே இல்ல, ரெண்டு பிரேக்கும் சைக்கிள் மாதிரியே கையில, சீட் உயரம் அரை மீட்டருக்கும் கீழ, எடை சுமார் 40 கிலோ. ஹோண்டா சிஆர்எஃப்50எஃப் கொஞ்சம் பெருசு, ஃபோர் ஸ்ட்ரோக், மூணு கியர், ஆனா கிளட்ச் லீவர் இல்லாம கால்லயே மாத்துறது, சீட் 55 சென்டிமீட்டர் பக்கம், 40 கிலோவுக்குக் கீழ இருக்குற புள்ளைங்களுக்கு. பின் பிரேக் இதுல கால்ல இருக்கு, சைக்கிள்லேர்ந்து வர்ற புள்ளைக்கு அது புதுசு, அதனால முதல் வண்டியா எனக்கு பிடபிள்யூ50தான் புடிக்கும். அதுக்கு மேல போனா கவாசாகி கேஎல்எக்ஸ்110, நாலு கியர், 76 கிலோ, அதெல்லாம் பத்து வயசுக்குப் பக்கமா யோசிக்க வேண்டியது. போட்டிக்குன்னே செஞ்ச கேடிஎம் 50 எஸ்எக்ஸ் மாதிரி வண்டிகளும் 50 சிசிதான், ஆனா அதோட சீற்றமே வேற, "50தானே"ன்னு நம்பி புதுசா பழகுற புள்ளைய அதுல ஏத்திடாதீங்க.

எலெக்ட்ரிக் வந்தப்புறம் பாதை கொஞ்சம் சுலபமாயிருக்கு. ஸ்டேசிக் மாதிரி மோட்டார் வச்ச பாலன்ஸ் பைக், 12 இன்ச், 16 இன்ச் சக்கரத்துல வருது, 2019ல அந்தக் கம்பெனிய ஹார்லி டேவிட்சனே வாங்கிடுச்சு, அதுலேர்ந்தே சந்தை எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியுது. கேடிஎம் எஸ்எக்ஸ்-இ 5, ஹோண்டா பேர்ல வர்ற சிஆர்எஃப்-இ2 எல்லாம் அடுத்த படி. சத்தம் இல்ல, சூடான சைலன்சர்ல கால் சுடாது, வேகத்தக் கட்டுப்படுத்த ஒரு பட்டன் போதும், கோச் பேசுறது புள்ளைக்குக் காதுல விழும், இந்தக் கடைசி விஷயத்தோட மதிப்ப டிராக்ல நின்னு பாத்தாத்தான் புரியும். ஒரு குறை உண்டு, மோட்டார் முழு இழுவையையும் உடனே குடுத்துடும், பெட்ரோல் இன்ஜின் மாதிரி மெதுவா ஏறாது, அதனால அதிக சக்தி தர்ற கடைசி லெவல மறந்தும் போட்டு விடாதீங்க. இன்னொண்ணு, வாங்கி வீட்டுல வச்சாலும் இங்க நடைபாதையில ஓட்ட முடியாது, மேல சொன்ன தடை இதுக்கும்தான். லித்தியம் பேட்டரிய ஃப்ளாட்டுக்குள்ள ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டு வாசல் பக்கம் வைக்கிறதும் ஆபத்து, பிஎம்டி பேட்டரியால எச்டிபி வீடுகள்ல எத்தனை தீ விபத்து நடந்துச்சுன்னு நம்ம எல்லாருமே செய்தியில பாத்திருக்கோம்.

அளவு பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்க தப்பு பண்றது இங்கதான். ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்குறப்ப ரெண்டு வருஷத்துக்கு ஆகட்டும்னு பெருசா எடுப்போமே, அதே கணக்குல பைக்கும் எடுக்கச் சொல்லுவாங்க. வேணவே வேணாம். சீட்ல உக்காந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படணும், விழுந்த வண்டிய புள்ளையே ஓரளவு தூக்க முயற்சி பண்ண முடியணும். அமெரிக்காவுல 2008ல புள்ளைங்க பொருள்ல ஈயம் இருக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வந்துச்சு, பொம்மைக்காகக் கொண்டு வந்த சட்டம், பைக்ல இருக்குற சில உலோகப் பாகத்துல கொஞ்சம் ஈயம் இருக்குங்கிறதால குட்டி டர்ட் பைக் விக்கிறதே 2009ல நின்னு போச்சு. அப்ப எழுந்த பெரிய கவலை என்னன்னா, குட்டி வண்டி கிடைக்கலன்னா புள்ளைங்க பெரிய வண்டியில ஏறும், அது ஈயத்தவிட எவ்வளவோ மோசம்னு. பாதுகாப்பு ஆணையமே அந்தச் சட்டத்த இந்த வண்டிகளுக்குக் கட்டாயப்படுத்தாம தள்ளி வச்சுச்சு, 2011ல விலக்கும் குடுத்துட்டாங்க. அளவுக்கு மீறின வண்டி எவ்வளவு ஆபத்துன்னு அந்த நாட்டு அரசாங்கமே எடை போட்டுப் பாத்த விஷயம் இது.

உடுப்பு, கவசம் விஷயத்துல சுருக்கமா சொல்லிடுறேன். முழு முகத்த மூடுற மோட்டோகிராஸ் ஹெல்மெட், இசிஇ 22.06 பாதுகாப்புத் தர முத்திரை இருந்தா நல்லது, அளவு சரியா இருக்கணும், எடை கம்மியா இருக்கணும், கனமான ஹெல்மெட் அந்தக் குட்டிக் கழுத்துக்கு அதுவே ஒரு ஆபத்து. கண்ணாடி, நெஞ்சுக் கவசம், முழங்கை, முழங்கால் கார்டு, கையுறை, கணுக்கால மூடுற கெட்டியான பூட்ஸ். டிராக்ல வாடகைக்குக் குடுக்குற ஹெல்மெட் எத்தன தடவ கீழ விழுந்திருக்கும்னு யாருக்கும் தெரியாது, அதனால மத்ததெல்லாம் வாடகைக்கு எடுத்தாலும் ஹெல்மெட்ட மட்டும் சொந்தமா வாங்கிடுங்கன்னு நான் கெஞ்சியே கேட்டுக்குறேன்.

ஜொகூர் பக்கம் போறவங்களுக்கு சில விஷயம். செம்பனைத் தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போற டிரெயில் ரைடு வேற, வேலி போட்ட பயிற்சி டிராக் வேற, புள்ளைங்களுக்கு ரெண்டாவதுதான். போறதுக்கு முன்னாடியே போன்ல கேளுங்க, புள்ளைங்க ஓட்டுறப்ப பெரியவங்க வண்டி அதே டிராக்குல இருக்குமா, ஒரு கோச்சுக்கு எத்தன புள்ள, முதலுதவி தெரிஞ்ச ஆளு இருக்காங்களா, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி. தமிழ் பேசுற ஆளுங்க அந்தப் பக்கம் நிறைய இருக்காங்க, தமிழ்லயே கேக்கலாம், மழுப்பினா வேற இடம் பாத்துக்கலாம். டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கோம்னு நிம்மதியா இருந்துடாதீங்க, நிறைய பாலிசியில மோட்டார் பந்தயத்தையும், சிலதுல ஆஃப் ரோடு பைக்கையுமே விலக்கி வச்சிருப்பாங்க, அந்தப் பொடி எழுத்த ஒரு தடவ படிச்சிடணும்.

நேரம் பாக்குறதுல ஒரு சிக்கல் இருக்கு. நீளமான ஸ்கூல் லீவு நவம்பர் கடைசியில ஆரம்பிச்சு டிசம்பர் முழுக்க வருது, அதே சமயத்துலதான் வடகிழக்குப் பருவமழையும். அந்த ஜொகூர் செம்மண் காஞ்சு இருந்தா அருமை, நனைஞ்சா சோப்புப் போட்ட மாதிரி ஆயிடும், டயர் கோடெல்லாம் மண்ணு அப்பி வழுவழுன்னு ஆயிடும், புதுசா பழகுற புள்ளைக்கு அது நியாயமே இல்ல. ஜூன் லீவு பரவால்ல, ஆனா அப்ப வெயில், சில வருஷம் புகைமூட்டமும் எட்டிப் பாக்கும். 2023 ஜூலையிலேர்ந்து வானிலை ஆய்வகம் வெப்ப அழுத்த அளவு வெளியிடுறாங்க, அது ஈரப்பதத்தையும் சேத்துக் கணக்குப் போடுறது, 33 டிகிரியத் தொட்டா அதிகம்னு கணக்கு, அது நம்ம தீவுக்கான அளவுதான், ஆனா ஜேபி வெயிலும் பெரும்பாலும் அதேதான். ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், பூட்ஸ் போட்ட புள்ளைக்கு அந்தச் சூடு நம்மளவிட சீக்கிரமே ஏறும், அதனால காலையில ஏழு மணிக்கே டிராக்ல இருக்குற மாதிரி கிளம்பிடுங்க, காஸ்வே ஜாமுக்கும் அதுதான் நல்லது. தேங்கி நிக்கிற தண்ணியில விழுந்து எந்திரிச்ச புள்ளைய உடனே குளிக்க வச்சுடணும், எலி மூத்திரம் கலந்த சேறு வழியாத்தான் எலிக்காய்ச்சல் வருது, காயம் இருந்தா இன்னும் கவனம். டெட்டனஸ் ஊசி பத்து பதினோரு வயசுல ஸ்கூல்லயே பூஸ்டர் போடுவாங்க, அதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போறவங்க குழந்தையோட தடுப்பூசி ரெக்கார்ட ஒரு தடவ பாத்துக்கிட்டா போதும்.

முதல் நாள் எப்படி இருக்கணும்னா, ரொம்ப சலிப்பா இருக்கணும், நிஜமாவே சொல்றேன். முதல்ல இன்ஜின் ஆஃப். புள்ள உக்காந்திருக்கும், நீங்க பின்னாடி புடிச்சுத் தள்ளணும், அது பிரேக் போட்டு நிக்கணும், இதையே பத்துப் பதினஞ்சு தடவ. அப்புறம் வண்டியை ஸ்டாண்டுல தூக்கி வச்சு இன்ஜின ஸ்டார்ட் பண்ணி, லேசா முறுக்கிட்டு விடுறது, முறுக்கிட்டு விடுறது, விடுறதுதான் முக்கியம்னு அதுக்குப் புரியணும். அதுக்கப்புறம்தான் ஸ்க்ரூவ நல்லா உள்ள திருகிட்டு நேர்க்கோட்டுல பத்து மீட்டர், நிக்கணும், திரும்பணும், வரணும். ஓட்டுற நேரம் ஒரு தடவைக்கு பதினஞ்சு இருபது நிமிஷம், அதுக்கு மேல கை ஓஞ்சுடும், கை ஓஞ்சா பிரேக் புடிக்க முடியாது. வேலி ஓரமா நின்னு "முறுக்குடா முறுக்கு"ன்னு கத்துற அப்பாக்கள நான் நிறைய பாத்திருக்கேன், புள்ள அப்பாவையே பாத்துக்கிட்டு ஓட்டும், பார்வை எங்கயோ வண்டியும் அங்கதான்னு மேல சொன்னேனே. ஃபோன பாக்கெட்ல வச்சுட்டு கோச்ச மட்டும் பேச விடுங்க. விழுந்து அழுதா தூக்கி ஒக்கார வச்சு தண்ணி குடுங்க, திரும்ப ஏறுறியான்னு ஒரே ஒரு தடவ கேளுங்க, வேணாம்னு சொன்னா அன்னிக்கு அவ்வளவுதான், பக்கத்துல பரோட்டா கடை இருக்கும், போயி சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துடலாம்.

சொந்த வண்டி வாங்குறத ஒரு வருஷமாவது தள்ளிப் போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். புள்ளைங்க ஒரு சீட் உயரத்துல ரொம்ப நாள் இருக்காது, வாடகைக்கே எடுத்தா வளர வளர வண்டிய மாத்திக்கலாம், இங்க ஃப்ளாட்ல வச்சுக்க இடமும் தேவையில்ல. அதுக்கு நடுவுல ரெண்டு ஜேபி பயணத்துக்கு இடையில இருக்குற வார இறுதியெல்லாம் செஸ்ட்நட்லயோ ஊபின்லயோ சைக்கிள்லயே ஓடட்டும், அடுத்த தடவ டிராக்ல ஏறுறப்ப கோச்சே கேப்பாரு, இவன் எங்க பழகுறான்னு.